புரையோடிய புண் ஆறியது எப்போது?

'ஆறுதல்' என்னும் சொல்லைத் தமிழர் மூன்று இடங்களில் ஆள்கின்றனர். கொதித்த சோறு ஆறுகிறது. கொதித்த மனம் ஆறுகிறது. உடம்பில் பட்ட புண்ணும் ஆறுகிறது. மூன்றுக்கும் பொதுவான பொருள் வெம்மை தணிதல். குழந்தைக்குச் சோறூட்டும் தாய், மேலே ஆவி அடங்கியதைக் கண்டதும் ஊட்டிவிடுவதில்லை. சோற்றின் நடுவே விரலை வைத்துப் பார்த்த பிறகே பிசைகிறாள். மேலே ஆறியது உள்ளே ஆறாமல் இருக்கக்கூடும் என்பது அவளுக்குத் தெரியும்.

தீயினால் சுட்ட புண் உள்ளே ஆறும், நாவினால் சுட்டது ஆறாது என்று வள்ளுவர் கூறியதைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். அங்கு வரும் 'உள்' என்னும் சொல்லுக்கு மனம் என்று பொருள் கொண்டார் பரிமேலழகர். உடம்பில் வடு கிடந்தாலும் மனத்தில் ஆறிவிடும் என்பது அவர் உரை. உரையாசிரியர் கொண்ட பொருள் அதுவே ஆயினும், மருத்துவ நோக்கில் பார்ப்பவர்க்கு அச்சொல் வேறொரு வினாவை எழுப்புகிறது. ஒரு புண் உள்ளே ஆறியதா என்பதை வெளியே நிற்பவர் எவ்வாறு அறிவது? இவ்வினாவுக்கு மனிதர் கண்ட விடைகளின் வரலாற்றைச் சுருக்கமாகக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பாரோயில் கண்டது

சிரம்பானிலிருந்து கோலப்பிலா செல்லும் சாலையில் உள்ளது பாரோய். இன்று அது தாமான்களும் கடைவீதிகளும் விளையாட்டரங்கமும் கொண்ட புறநகர். முன்னாளில் இப்பக்கமெல்லாம் ரப்பர் மரங்கள் நிரை நிரையாக நின்றன. யான் சிறுவனாக இருந்த காலத்தில், தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டிய பெரியவர் ஒருவருக்குப் பவுத்திரம் கண்டது. இடம் மறைவானது ஆதலின் அவர் நெடுநாள் எவரிடமும் வாய் திறக்கவில்லை. சீழ் ஒழுகி வேட்டி நனையத் தொடங்கிய பின்னரே தோட்டத்து டிரெஸரிடம் போனார். சில வாரம் மருந்து கட்டியதும் ஒழுக்கு நின்றது. புண்ணின் வாயும் மூடிற்று. வீட்டார் மகிழ்ந்து மாரியம்மன் கோயிலில் பொங்கல் வைத்தனர்.

டிரெஸர் மட்டும் மகிழவில்லை. "மேலே மூடியிருக்கு பெரியவரே, உள்ளே மூடலை. வலிச்சாலோ காய்ச்சல் அடிச்சாலோ ராத்திரின்னு பார்க்காம வாங்க" என்றார். மூன்றாம் வாரமே காய்ச்சல் வந்தது. மூடிய இடத்துக்கு இரண்டு விரற்கடை தள்ளிப் புதிய வாய் ஒன்று உடைந்தது. பெரியவரைச் சிரம்பானுக்கு அனுப்பி அறுவை செய்த பிறகே நோய் தீர்ந்தது.

ஊரார் கண்டதும் டிரெஸர் கண்டதும் ஒரே புண்தான். ஊரார் வாயைப் பார்த்தனர். டிரெஸர் வழியைப் பார்த்தார். இவ்வேறுபாட்டை மனித இனம் எப்போது கற்றது?

புரை என்னும் சொல்

முதலில் சொல்லை நோக்குவோம். 'புரை' என்பதற்கு உள்துளை என்பது ஒரு பொருள். குற்றம் என்பது மற்றொன்று. வள்ளுவர் குற்றம் என்னும் பொருளில் இதனை ஆண்டுள்ளார். உள்ளே துளை விழுந்து பரவும் புண்ணை மக்கள் 'புரையோடிய புண்' என்றனர். நாட்பட்ட ஊழலையும் பகையையும் 'புரையோடிப் போயிற்று' என்று இன்றும் கூறுகிறோம். வெளியே சிறிதாகத் தோன்றி உள்ளே பெரிதாக ஓடுவது என்பதே அவ்வழக்கின் கருத்து.

வடமொழியாளர் இவ்வகைப் புண்ணை 'நாடி விரணம்' என்றனர். நாடி என்பது குழாய். இலத்தீன் மொழியாளர் 'பிஸ்டுலா' என்றனர். அதுவும் குழாய், நாணற்குழல் எனப் பொருள்படும். மூன்று மொழியாரும் புண்ணின் வாயைக் கொண்டு பெயரிடாமல், உள்ளே ஓடும் வழியைக் கொண்டு பெயரிட்டிருப்பது நோக்கற்பாலது. பெயரிலேயே நோயின் இயல்பு அடங்கியுள்ளது. ஒரு முனை அடைபட்ட வழியும் உண்டு. இரு முனையும் திறந்து, குடலுக்கும் தோலுக்கும் இடையே பாலம் போல் அமைவதும் உண்டு. குதத்தின் அருகே தோன்றுவதைப் பவுத்திரம் என்றும் பகந்தரம் என்றும் தமிழ் மருத்துவர் வழங்கினர்.

சங்கமும் சோழரும்

பழந்தமிழர் புண்ணைப் பேணியதற்குச் சான்றுகள் பல. பதிற்றுப்பத்தின் 42-ஆம் பாட்டில், போரில் பட்ட புண்ணை நெடிய வெள்ளூசியால் தைத்த வடுவைப் பரணர் பாடுகிறார். மீனைத் தேடி நீருள் மூழ்கி மேலெழும் சிரற்பறவையை அவர் ஊசிக்கு உவமை ஆக்கினார். புறநானூற்றின் 281-ஆம் பாட்டில், விழுப்புண் பட்டவன் கிடக்கும் மனையை அரிசில் கிழார் காட்டுகிறார். மனையில் இரவந் தழையும் வேம்பும் செருகுகின்றனர், வெண்சிறுகடுகு தூவுகின்றனர், நறும்புகை எழுப்புகின்றனர், காஞ்சிப்பண் பாடுகின்றனர். அங்கே புண்பட்டவனைப் பேணுவோர் இல்லத்துப் பெண்டிரே.

திருக்குறளின் மருந்து அதிகாரம் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. மருத்துவத்திற்கு நான்கு உறுப்புகள் உண்டென்றும், நோயாளி, மருத்துவன், மருந்து ஆகிய மூன்றோடு 'உழைச்செல்வான்' நான்காவது உறுப்பென்றும் அது வகுக்கிறது. நோயாளியின் அருகிருந்து பணி செய்பவனே உழைச்செல்வான். இன்றைய தாதியர் தொழிலுக்குத் தமிழில் இத்துணைப் பழைய பெயர் இருப்பது நாம் பெருமை கொள்ளத் தக்கது.

காஞ்சிபுரத்தை அடுத்த திருமுக்கூடலில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உள்ளது. அம்மன்னன் 1063 முதல் 1070 வரை ஆண்டவன். பெருமாள் கோயிலைச் சார்ந்து 15 படுக்கைகளோடு ஓர் ஆதுலர் சாலை நடந்ததை அக்கல்வெட்டு உரைக்கிறது. மருத்துவர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், மருந்து கொணர்வோர் இருவர், 'மருந்தடும் பெண்டுகள்' இருவர், நாவிதர் ஒருவர் என்று பணியாளர் பட்டியல் செல்கிறது. 15 நோயாளர்க்குத் தனியே இரு பெண் பணியாளர்! தாதியர் பணி கூலி பெறும் தொழிலாகத் தமிழகத்தில் நின்றதற்கு இது உறுதியான சான்று.

ஆயினும் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். இச்சான்றுகள் புண்ணைப் பேணியதைக் கூறுகின்றனவே ஒழிய, புண் ஆறியதை எவ்வாறு அளந்தனர் என்று கூறவில்லை. அதற்கு நாம் சுசுருதரிடம் செல்ல வேண்டும்.

சுசுருதர் வகுத்த குறிகள்

சுசுருத சங்கிதை பல தலைமுறைகளில் தொகுக்கப்பட்டு, இரண்டாயிரம் ஆண்டு அளவில் பழமையானதாகக் கருதப்படும் நூல். குணப்படுத்துதற்கு அரிய எட்டுப் பெருநோய்களுள் பகந்தரத்தையும் அது வைத்தது. வடிவத்தைக் கொண்டு அதனை ஐந்தாகப் பிரித்தது. சல்லடை போல் பல துளை உடையது, ஒட்டகத்தின் கழுத்துப் போல் வளைந்தது, இடைவிடாது ஒழுகுவது, சங்கின் சுரி போல் சுற்றுவது, விழுங்கிய எலும்பு முதலியன குத்தியதால் தவறான வழியில் ஓடுவது என்பன அவை. இறுதி இரண்டும் தீரா என்றும் மற்றவை அரிதில் தீரும் என்றும் கூறினார். வழியை அறிய 'ஏஷணி' என்னும் மெல்லிய கோலை உள்ளே செலுத்திப் பார்க்கச் சொன்னார்.

நம் வினாவுக்கு நேரான விடை புண்ணின் நிலைகளை அவர் பிரித்த இடத்தில் உள்ளது. கெட்ட புண், தூய புண், ஆறிவரும் புண், நன்கு ஆறிய புண் என்று நான்கு நிலைகள். தூய புண்ணில் வலியும் ஒழுக்கும் நின்றுவிடும். சிறு சிறு தசை முளைகள் தோன்றும். ஆறிவரும் புண்ணின் விளிம்பு புறாவின் நிறம் பெறும். ஈரம் அற்றுப் பக்கு கட்டும். நன்கு ஆறிய புண்ணில் கட்டியும் வீக்கமும் வலியும் இரா. அவ்விடம் தோலின் நிறத்தோடு ஒத்துச் சமமாக இருக்கும்.

இவற்றினும் சிறந்தது அவர் தந்த எச்சரிக்கை. உள்ளே குற்றம் இருக்கையில் அவசரப்பட்டு மேலே ஆற்றிவிடாதே என்கிறார். அவ்வாறு ஆற்றினால் சிறு தவறு நேர்ந்தாலும் உள்ளே குழி விழுந்து மறுபடியும் நோய் கிளம்பும் என்கிறார். ஆறிய பின்னும் அவ்விடம் உறுதிப்படும் வரை செரியாமை, கடுமுயற்சி, பெருங்கோபம் முதலியவற்றை விலக்கச் சொல்கிறார். பாரோய்த் தோட்டத்து டிரெஸர் சுசுருதரைப் படித்தவர் அல்லர். ஆயினும் அவர் பெரியவரிடம் சொன்னது இதுவே.

நூலே அளவுகோல்

நன்னூலின் பாயிரத்தில், தச்சனின் நூல் மரத்தின் கோணலைத் தீர்ப்பது போலக் கல்விநூல் மனத்தின் கோணலைத் தீர்க்கும் என்று உவமித்தார் பவணந்தி முனிவர். மருத்துவத்திலும் ஒரு நூல் உண்டு. அது கோணல் வழியைத் தீர்க்கிறது. அதனோடு அளந்தும் காட்டுகிறது.

கிரேக்க நாட்டில் இப்போக்ரத்தர் பெயரால் வழங்கும் நூல்களுள் ஒன்று, பச்சை நார்நூலில் குதிரை மயிரைச் சுற்றிப் பவுத்திரத்தின் வழியே செலுத்திக் கட்டச் சொல்கிறது. நூல் தளரத் தளர இறுக்கி வருவர். அது சிறிது சிறிதாகத் தசையை அறுத்து வழியைத் திறந்துவிடும். நம் நாட்டில் சுசுருதர் கார நூலைக் குறிப்பிட்டார். பதினோராம் நூற்றாண்டில் சக்கரபாணி தத்தர் கள்ளிப்பாலும் மஞ்சளும் பூசிய நூலைக் கூறினார். பிற்காலத்தில் இம்முறை அருகிற்று. 1960-களில் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பி. ஜே. தேஷ்பாண்டே இதனை ஆராய்ந்து மீட்டெடுத்தார். இன்று வழக்கில் உள்ள முறைப்படி நூலுக்கு 21 பூச்சுகள் இடுகின்றனர். முதல் 11 பூச்சு இலைக்கள்ளிப் பால். அடுத்த 7 கள்ளிப்பாலும் நாயுருவிக் காரமும். கடைசி 3 கள்ளிப்பாலும் மஞ்சள் தூளும். சித்த மருத்துவர் இதனைக் காரநூல் என்பர்.

இந்நூலை வாரத்திற்கு ஒருமுறை மாற்றுவர். பழைய நூலின் முனையில் புதியதைக் கட்டி இழுத்தால் புதியது வழியினுள் சென்று அமர்கிறது. எடுத்த நூலின் நீளத்தை அளந்து ஏட்டில் எழுதுகின்றனர். வழி ஆற ஆற நூல் குறுகுகிறது. எடுத்துக்காட்டாக, முதல் நாள் 8 செ.மீ. இருந்த வழி 56 நாளில் முற்றும் அறுபட்டு நூல் விழுந்துவிட்டால், 1 செ.மீ. தீர 7 நாள் ஆயிற்று என்று கணக்கிடலாம். கண்ணுக்குத் தெரியாத உள்வழியின் ஆற்றத்தை ஒரு முழக்கோலால் அளக்கும் எளிய முறை இது. வாய் மூடியதா என்று பார்ப்பதற்கும் வழி எத்துணை குறுகியது என்று அளப்பதற்கும் உள்ள வேறுபாட்டை உணர்க.

பழமை என்பதற்காகவே ஒன்றை ஏற்பதும் அறிவுடைமை ஆகாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பல மருத்துவமனைகளில் 502 நோயாளரைக் கொண்டு காரநூலையும் அறுவையையும் ஒப்பிட்டு ஆராய்ந்து, 1991-இல் முடிவை வெளியிட்டது. அறுவை செய்தவர்க்கு 4 வாரத்தில் ஆறியது. காரநூல் கட்டியவர்க்கு 8 வாரம் ஆயிற்று. ஆனால் நோய் திரும்பி வந்தது அறுவையில் நூற்றுக்கு 11 பேருக்கு. காரநூலில் நூற்றுக்கு 4 பேருக்கு. விரைவில் மூடுவது வேறு, நிலைத்து ஆறுவது வேறு என்னும் உண்மையை இவ்வெண்கள் காட்டுகின்றன. மெல்ல ஆறியது மிகுதியும் நிலைத்தது. எனினும் காரநூல் கட்டுவது பயிற்சி பெற்றவர் செய்யும் வேலை. வழியின் உள்முனையைக் காணாது நூலிடுவோரும், சந்தையில் விளம்பரம் செய்து காரம் தடவுவோரும் விளைக்கும் தீங்கு பெரிது.

மன்னனும் படகோட்டியும்

மேலைநாட்டு வரலாற்றில் புகழ் பெற்ற பவுத்திரம் பிரஞ்சு மன்னன் பதினான்காம் லூயியுடையது. 1686 நவம்பர் 18-ஆம் நாள் சார்ல் பிரான்சுவா பெலிக்ஸ் என்னும் அறுவையாளர் அவனுக்கு அறுவை செய்தார். அதற்கு முன் பல மாதம் ஏழை நோயாளர்களிடம் அவர் பழகிப் பார்த்தார் என்பது வரலாற்றின் கசப்பான பக்கம். அறுவை முடிந்த பிறகும் புண் சரியான முறையில் கூடாமையால், அடுத்த மாதம் மறுபடியும் கீற வேண்டியதாயிற்று. அடியிலிருந்து நிரம்பி வராத புண்ணை அரசனுக்கே ஆயினும் மூட விடலாகாது என்பதை அவர் அறிந்திருந்தார்.

மூடவே மூடாத புண்ணும் உண்டு. 1822-இல் அமெரிக்காவின் மாக்கினா தீவில், மென்மயிர் வணிகர்க்குப் படகோட்டிய அலெக்சி செயின்ட் மார்ட்டின் என்பவர் துப்பாக்கிக் குண்டு பட்டு வீழ்ந்தார். இராணுவ மருத்துவர் வில்லியம் போமண்ட் அவரைப் பிழைக்க வைத்தார். எனினும் இரைப்பையிலிருந்து தோலுக்கு ஒரு துளை நின்றுவிட்டது. அதன் விளிம்பில் தோலும் இரைப்பையின் உட்சவ்வும் ஒட்டி இணைந்துவிட்டன. அத்துளை வழியே செரிமானத்தை ஆராய்ந்து போமண்ட் 1833-இல் நூல் வெளியிட்டார். செயின்ட் மார்ட்டின் 1880 வரை வாழ்ந்தார்; துளை மூடவில்லை. வழியின் உட்புறம் தோல் போன்ற படலம் படர்ந்துவிட்டால், உடம்பு அதனைப் புண் என்றே கருதாது. வலியில்லை, சீழில்லை, விளிம்பு நலமாயுள்ளது. ஆயினும் அது ஆறாது. தூய்மை வேறு, ஆறுதல் வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

தாதியர் ஏடு

குடலிலிருந்து தோலுக்கு வழி விழுவது பெரும்பாலும் வயிற்று அறுவைக்குப் பின் நேர்வது. 1960-இல் அமெரிக்க மருத்துவர் எட்மண்ட்சும் தோழரும் 157 நோயாளரின் வரலாற்றை வெளியிட்டனர். அவருள் நூற்றுக்கு 43 பேர் இறந்தனர். நீரும் உப்பும் ஊட்டமும் வெளியேறுவதாலும், குடற்சாறு தோலை அரிப்பதாலும், உள்ளே சீழ் தங்குவதாலும் நேர்ந்த சாவு அது. 1968-இல் ஸ்டான்லி டட்ரிக் முதலியோர் நரம்பு வழியே முழு உணவையும் செலுத்தும் முறையை நிறுவிய பின் நிலை மாறிற்று. உடம்பு பட்டினியின்றி இருந்தால் பல வழிகள் தாமே மூடின.

அதே காலத்தில் தாதியர் துறையிலும் ஒரு புதுமை தோன்றியது. நார்மா கில் என்னும் பெண்மணி குடல் நோயால் வாடி, அறுவையின் பயனாக வயிற்றில் குடல்வாய் அமையப் பெற்றவர். கிளீவ்லாந்து மருத்துவமனையின் அறுவையாளர் ரூபர்ட் டர்ன்புல், அவரையே பிற நோயாளர்க்குத் துணையாக 1958-இல் அமர்த்தினார். 1961-இல் அங்கே இதற்கெனப் பயிற்சிப் பள்ளி தோன்றியது. 1978-இல் இத்துறையினரின் உலக மன்றமும் அமைந்தது. நோயுற்றவரே உழைச்செல்வார் ஆன வரலாறு இது.

இத்தாதியர் ஏட்டில் எழுதுவன யாவை? ஒரு நாளில் வழியிலிருந்து வெளிப்படும் நீரின் அளவு முதலாவது. 200 மி.லி.க்குக் கீழ்ப்பட்டால் குறைவு, 500 மி.லி.க்கு மேற்பட்டால் மிகுதி, இடைப்பட்டது நடுத்தரம். அடுத்து நீரின் நிறம், தடிப்பு, மணம். பிறகு சுற்றியுள்ள தோல் சிவந்ததா, புண்ணாயிற்றா என்பது. உடல் எடை, காய்ச்சல், நாடித் துடிப்பு, சிறுநீரின் அளவு ஆகியனவும் அதில் சேரும். ஒரு நாள் எழுதியதால் பயனில்லை. நாள்தோறும் எழுதி ஒப்பிட்டால்தான் போக்குப் புலப்படும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. ஒழுக்குக் குறைவது பெரும்பாலும் நற்குறி. ஆனால் ஒழுக்குத் திடீரென நின்று, காய்ச்சல் ஏறி, வயிறு வலித்து வீங்கினால் அது ஆறியதன் குறி அன்று. நீர் உள்ளே அடைபட்டதன் குறி. எனவே எந்த ஒரு குறியையும் தனியே நம்பாமல், குறிகளைச் சேர்த்து நோக்க வேண்டும். சொல்லுக்குப் பொருள் காண்கையில் முன்னும் பின்னும் நோக்கும் உரையாசிரியர் முறையும் இதுவே அன்றோ?

நமக்குரியது

மலாய்க் கூட்டு மாநிலங்களில் 1912-இலும் பின்னர் 1923-இலும் வந்த தொழிலாளர் சட்டக் கோவைகள் தோட்டத் தொழிலாளர்க்கு மருத்துவ வசதி செய்யும் கடமையைத் தோட்ட நிருவாகத்தின் மேல் வைத்தன. தோட்ட மருத்துவமனைகளில் குறை மிகுதி. ஆயினும் லயத்துக்கு அருகில், தமிழ் பேசி, நோயாளியின் பெயர் அறிந்து, நாள்தோறும் ஒரே புண்ணைப் பார்க்கும் டிரெஸர் ஒருவர் இருந்தார். தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நகர்ப்புறம் சேர்ந்தபோது, பெரிய மருத்துவமனையும் நுண்கருவிகளும் நமக்குக் கிட்டின. உடம்பின் உள்வழியைப் படமாகக் காட்டும் காந்தக் கருவியும் இன்று உண்டு. ஆனால் அந்த அன்றாடக் கண் நம்மை விட்டுப் போயிற்று.

அக்கண்ணை வீட்டார் ஓரளவு ஈடுசெய்யலாம். நாணத்தை விட்டு நோயைத் தொடக்கத்திலேயே சொல்லச் செய்வது முதற் கடமை. கட்டு மாற்றும் நாளும், நனைந்த துணியின் அளவும், வலியும், காய்ச்சலும் ஒரு பள்ளிக் குறிப்பேட்டில் எழுதிவைத்து மருத்துவரிடம் காட்டுவது இரண்டாவது. வாய் மூடிய உடனே மருத்துவமனைக்குப் போவதை நிறுத்தாதிருப்பது மூன்றாவது. ஆசிரியர்கள் மருந்து அதிகாரத்தைக் கற்பிக்கும்போது, உழைச்செல்வான் என்னும் சொல்லுக்குப் பொருளோடு நில்லாமல், அவன் என்ன பார்த்தான், என்ன எழுதினான் என்றும் மாணவரிடம் சொல்லலாம்.

பாரோய்ப் பெரியவரின் வீட்டார் பொங்கல் வைத்தது பிழையன்று. மூன்று வாரம் முந்திவிட்டனர், அவ்வளவே. சோற்றின் நடுவே விரல் வைத்துப் பார்க்கும் தாயின் பொறுமை புண்ணிடத்தும் நமக்கு வேண்டும்.